செடிக்கு உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சது ஜே.சி.போஸா? அவர் உண்மையில் நிரூபித்தது என்ன?

பள்ளிக்கூட வினாடி வினாவில் தவறாமல் வரும் கேள்வி இது: தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் யார்? ஜகதீஷ் சந்திர போஸ் என்று சட்டென்று சொல்லி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நம்மில் பலரும்.

ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சா இந்தப் பதில் இடிக்கும். விதை போட்டா முளைக்குது. தண்ணி ஊத்தலைன்னா வாடுது. ஒருநாள் பட்டுப்போகுது. செடிக்கு உயிர் இருக்குன்னு சொல்ல ஒரு விஞ்ஞானி எதுக்கு? புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியமே வகைப்படுத்தி வைத்திருக்கிறது.

அப்படின்னா போஸ் என்னதான் செஞ்சார்? அவர் கேட்ட கேள்வி வேறு. விலங்கின் தசையைத் தட்டினால் அதில் மின் மாற்றம் உண்டாகிறது. அதே மாதிரி ஒரு சாதாரணச் செடியிலும் உண்டாகுமா? உண்டானால் அதை அளக்க முடியுமா? இந்தக் கேள்விக்காக, 40 வயதைத் தாண்டிய பிறகு, பேரும் புகழும் தந்த துறையை விட்டு இன்னொரு துறைக்குள் அவர் நுழைந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

லண்டனுக்குப் போன மருத்துவ மாணவர்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. ஊர், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங். அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். பகவான் சந்திரரோ மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர், விவசாயி வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தான் சிறுவன் ஜகதீஷ். மீன், செடி, பூச்சி பற்றிய கதைகளை அந்தப் பிள்ளைகளிடம்தான் கேட்டு வளர்ந்தான்.

பிறகு கொல்கத்தாவில் செயின்ட் சேவியர்ஸ். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் பயணம். போன இடத்தில் காய்ச்சல் விடாமல் படுத்தியது. பிணங்களை அறுத்துப் பாடம் நடக்கும் அறையின் நெடி உடம்பை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படிக்கப் போனார். அங்கே இயற்பியலில் ராலே பிரபு, தாவரவியலில் சிட்னி வைன்ஸ் ஆகியோர் அவருக்கு ஆசிரியர்கள். இந்த வைன்ஸ் பெயரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வருவார்.

மூணு வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் இந்தியா திரும்பிய போஸுக்கு கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை. ஆனால், அதே வேலை பார்க்கும் ஐரோப்பியருக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். தற்காலிகப் பணி என்று சொல்லி அதையும் பாதியாக்கினார்கள். ஆக, கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை, சண்டையும் போடவில்லை. சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டு வகுப்புக்கு மட்டும் தவறாமல் போனார். அதுவும் ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. மூன்று ஆண்டுகள்! வீட்டிலோ அப்பாவின் தொழில் முயற்சிகள் தோற்றுப்போய்க் கடன். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு சேர்ந்து கிடைத்தது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1887-ல், அபலா தாஸைத் திருமணம் செய்துகொண்டார். அபலாவுக்கு நம்ம ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. கொல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அதனால் வங்காள அரசின் உதவித்தொகையோடு 1882-ல் சென்னைக்கு வந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்காகப் பெரிய அளவில் உழைத்தார்.

களைத்துப்போன கருவி

போஸின் முதல் புகழ் ரேடியோ அலைகளால் வந்தது. கல்லூரியில் ஒரு சின்ன அறை. உள்ளூர்த் தகர வேலைக்காரரின் உதவி. இவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். அதில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உருவாக்கினார். இன்று 5ஜி பற்றிப் பேசும்போது அடிபடும் மில்லிமீட்டர் அலைகள் இவைதான். 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் நடந்த செயல்விளக்கத்தில், சுவரைத் தாண்டிச் சென்ற அலைகள் மணியை அடிக்க வைத்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேச அழைப்பு வந்தது. அதே பாதையில் போயிருந்தால் பெரிய செல்வந்தராகியிருக்கலாம். காப்புரிமை வாங்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்த ஓர் அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

திசை மாறியது ஒரு சின்ன விஷயத்தால். அலைகளைப் பிடிக்கும் அவருடைய உலோகக் கருவி, தொடர்ந்து வேலை செய்தால் மந்தமானது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பழையபடி சுறுசுறுப்பானது. ஓடிக் களைத்த தசை மாதிரி! வேறு யாராக இருந்தாலும் கருவியில் கோளாறு என்று மாற்றியிருப்பார்கள். போஸுக்கோ இது விடாத கேள்வியாகிவிட்டது. உலோகத்துக்கும் தசைக்கும் நடுவில் செடி இருக்கிறதே, அது என்ன செய்யும்?

கேரட்டில் மின் துடிப்பு

அவர் செய்த சோதனையை நாமும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஓர் இலைக்காம்பின் இரண்டு இடங்களில் மின்கம்பியைத் தொடவைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனோமீட்டரோடு இணைக்க வேண்டும். ஒரு முனைப் பக்கம் லேசாகத் தட்ட வேண்டும். முள் அசைந்து, மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பும். தசையிலும் நரம்பிலும் உடலியலாளர்கள் பார்த்து வந்ததும் இதையேதான்.

தொட்டாச்சிணுங்கியில் இது நடந்தால் ஆச்சரியம் குறைவு. போஸ் எடுத்தது குதிரைச் செஸ்நட் மரத்தின் இலைக்காம்பு, கேரட், டர்னிப். தட்டினால் அசையவே அசையாத, கடையில் கிடைக்கும் காய்கள். அவையும் மின் துடிப்பைக் காட்டின. குளோரோஃபார்ம் கொடுத்தால் துடிப்பு மங்கியது. கொதிநீரில் போட்டுச் சாகடித்தால் முற்றிலும் நின்றது. ஆக, இது உயிருள்ள திசுவின் வேலை.

1901 ஜூன்: வாசலிலேயே நின்ற கட்டுரை

1901 மே மாதம் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இவற்றைக் காட்டியபோது பாராட்டு கிடைத்தது. ஜூன் மாதம் ராயல் சொசைட்டியில் நிலைமை தலைகீழ். அங்கே இருந்தவர் ஜான் பர்டன் சாண்டர்சன், பிரிட்டிஷ் உடலியலின் மூத்த பெரியவர். பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியில் மின் துடிப்பு இருப்பதை 1873-லேயே அறிவித்தவர். ஆனால், அசையாத சாதாரணச் செடிகளில் அப்படி நடக்காது என்பது அவர் முடிவு. அதோடு, ஓர் இயற்பியலாளர் உடலியலின் சொற்களைத் தன் கட்டுரைத் தலைப்பில் எடுத்து ஆள்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தலைப்பை மாற்றும்படி சொன்னார்.

போஸ் மறுத்துவிட்டார். முடிவு தவறு என்று யாராவது சோதித்துக் காட்டட்டும், மாற்றிக்கொள்கிறேன். யாருக்கோ பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்லை மாற்ற மாட்டேன் என்பது அவர் நிலை. கட்டுரை அச்சாகவில்லை.

இதை வெறும் இனவெறி என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. உலோகமும் செடியும் தசையும் ஒரே மாதிரி பதில் சொல்கின்றன என்று சொன்னால் எந்தத் துறைக்காரரும் முதலில் சந்தேகப்படத்தான் செய்வார். ஆனால், சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அறிவியல் முறை. அது அன்று நடக்கவில்லை என்பதே போஸின் வலி.

அவருக்குக் கைகொடுத்தவர், அந்தப் பழைய ஆசிரியர் சிட்னி வைன்ஸ். அப்போது அவர் லின்னேயன் சங்கத்தின் தலைவர். 1902-ல் அங்கே தன் சோதனைகளைத் தாவரவியலாளர்கள் முன் நேரடியாகச் செய்துகாட்டினார் போஸ். அதே ஆண்டில், உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் எதிர்வினைகள் பற்றிய புத்தகத்தையும் வெளியிட்டார். எழுத்து வேலையில் உதவியவர் சகோதரி நிவேதிதை. ஆய்வு தொடரப் பணம் வேண்டுமே? ரவீந்திரநாத் தாகூரின் முயற்சியால் திரிபுரா மன்னர் உதவினார்.

விடையைச் செடியே எழுதட்டும்

வார்த்தையால் வாதாடிப் பயனில்லை என்று போஸுக்குப் புரிந்தது. செடியே தன் பதிலை எழுதும்படி கருவிகள் செய்தார். புகைக்கரி படிந்த கண்ணாடித் தகடு, அதில் புள்ளி புள்ளியாகத் தட்டிச் செல்லும் மெல்லிய முள். தொட்டாச்சிணுங்கியிலும், தானாகவே இலை ஆடும் தொழுகண்ணியிலும் விநாடியின் சிறு பங்கில் நடப்பதைக்கூட அது பதிவு செய்தது.

இன்னொன்று கிரெஸ்கோகிராஃப், வளர்ச்சியை அளக்கும் கருவி. இரட்டை நெம்புகோல் கொண்ட அது 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளர்ச்சி, தகட்டில் ஒரு சென்டிமீட்டர் கோடாகத் தெரியும். உரம் போட்டால், நஞ்சு வைத்தால் வளர்ச்சி எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணெதிரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

1917 நவம்பர் 30, தன் 59-வது பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். சந்தேகங்கள் ஓயவில்லை. கருவி காட்டுவது உண்மையான வளர்ச்சிதானா என்று உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் பகிரங்கமாகச் சவால் விட்டார். 1920 ஏப்ரலில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், பிராக், பேலிஸ் போன்ற விஞ்ஞானிகள் முன்னிலையில் சோதனை நடந்தது. கருவி சரியாகவே அளக்கிறது என்று அவர்கள் எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். 19 ஆண்டுகளுக்கு முன் கட்டுரையை நிறுத்திவைத்த ராயல் சொசைட்டி, அதே ஆண்டு போஸை உறுப்பினராக்கியது.

கும்பிடும் மரம்

போஸ் சிறுவயதில் வாழ்ந்த ஃபரீத்பூரில் சாய்ந்து வளர்ந்த ஓர் ஈச்சமரம் இருந்தது. மாலையில் கோயில் மணி அடிக்கும் நேரம் தலை தாழ்த்தும், காலையில் நிமிரும். மரம் சாமி கும்பிடுகிறது என்று ஜனங்கள் வந்து வணங்கினார்கள். போஸ் அதில் தன் பதிவுக் கருவியை மாட்டினார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது, குளிர்ந்தால் நிமிர்ந்தது. காரணம் வெப்பநிலை, பக்தி இல்லை.

செடி பாட்டுக் கேட்கும், மனசைப் படிக்கும் என்று சொல்பவர்கள் போஸின் பெயரை இழுக்கும்போதெல்லாம் இந்த மரத்தை நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே தவறினார்?

எல்லாவற்றிலும் அவர் சரியில்லை. மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவது, உயிருள்ள செல்கள் இதயம் போலத் துடித்துத் தள்ளுவதால்தான் என்று 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். அது நிற்கவில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றிய நீர்த்தொடர் மேலே இழுக்கப்படுகிறது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். தொட்டாச்சிணுங்கியில் செய்தி போவது முழுக்க நரம்பு போன்ற மின்வழியில்தான் என்றார். மரத்திசுவின் நீர் வழியாக வேதிப்பொருளும் செய்தி கொண்டுபோகும் என்பதை இத்தாலியின் உபால்டோ ரிக்கா 1916-ல் காட்டினார். செடிகளுக்கு நம்மைப் போல நரம்பும் இல்லை, மூளையும் இல்லை.

ஆனால், அவர் அளந்தது நின்றது. சாதாரணச் செடிகளிலும் மின் துடிப்பு ஓடுகிறது என்பது இன்று பாடப்புத்தக விஷயம். 2018-ல் ஜப்பானிய, அமெரிக்க விஞ்ஞானிகள் கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் ஒளிரும் புரதத்தை வைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு புழு இலையைக் கடித்ததும், சில நிமிடங்களுக்குள் தூரத்து இலை வரை கால்சிய அலை பரவுவது தெரிந்தது. அதைத் தூண்டியது குளுட்டமேட். நம் மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் அதே மூலக்கூறு!

போஸ் 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் காலமானார். அடுத்த முறை வீட்டுப் பிள்ளை வினாடி வினாவுக்குப் படிக்கும்போது பதிலைக் கொஞ்சம் திருத்திச் சொல்லிக் கொடுக்கலாம். செடிக்கு உயிர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். தட்டினா அந்த உயிர் மின்சாரத்தில் பதில் சொல்லுதுன்னு சாதாரணக் கேரட்டை வெச்சு அளந்து காட்டினவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.