மரக்கட்டையில் பறவை கண்ட ஓவியர்

காட்டுப் பறவைகளை வலைக்குள் வரவழைக்க, தாம் பழக்கிய பறவையொன்றை முன்னே நிறுத்துவது பழந்தமிழ் வேடர் வழக்கம். அப்பறவைக்குப் ‘பார்வை’ என்று பெயர். அமெரிக்க வேட்டைக்காரர்களோ மரத்தில் வாத்தைச் செதுக்கி, வண்ணந்தீட்டி, நீரில் மிதக்கவிட்டனர். மேரிலாந்து மாநிலத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த வார்டு சகோதரர்கள் செதுக்கிய மர வாத்துகள், பின்னாளில் வேட்டைக் கருவி என்ற நிலையைக் கடந்து கலைப்பொருள்களாகவே போற்றப்பட்டன. வேட்டை நோக்கம் சிறிதுமின்றி, மனமகிழ்ச்சி ஒன்றுக்காகவே மரக்கட்டையில் பறவையைக் கண்ட பெருமகனார் ஒருவர் நம் நாட்டிலும் வாழ்ந்தார். அவர்தாம் ஓவியர் அவனீந்திரநாத் தாகூர்.

கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவர் பிறந்தார். கவியரசர் இரவீந்திரநாத் தாகூருக்கு அண்ணன் மகன் முறை. ஐரோப்பிய ஆசிரியர்களிடம் ஓவியம் பயின்றவர், பின்னர் மொகலாய, இராஜபுத்திர ஓவியங்களில் தம் வழியைக் கண்டார். அன்பு மகளைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த துயரை, 1902இல் தீட்டிய ஷாஜகானின் இறுதிக்கால ஓவியத்தில் வடித்தார். 1905இல் கல்கத்தா அரசு கலைப்பள்ளியின் துணை முதல்வரானார். பாரதமாதா ஓவியம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். நந்தலால் போஸ் முதலிய மாணவர்கள் அவரால் உருவாயினர். 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக வந்து, பிற்காலத்தில் மெரீனாவில் உழைப்பாளர் சிலையை நமக்களித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவரிடம் ஓவியம் கற்றவரே.

இத்தனை புகழும் பெற்றவர், 1930இல் அராபிய இரவுக் கதைகளை ஓவியத் தொடராக்கிய பின் சில ஆண்டுகள் தூரிகையை ஒதுக்கி வைத்தார். முதுமையில் அவர் கைக்கு வந்தவை காய்ந்த சுள்ளிகளும், வேர்களும், மூங்கில் துண்டுகளும், பிறர் வீசியெறிந்த மரக்கட்டைகளுமாகும். ஒரு வேரின் வளைவில் கொக்கின் கழுத்து தெரியும். ஒரு கிளையின் பிளவில் அலகு தெரியும். சிறிதே சீவி, தேவையான இடத்தில் மற்றொரு துண்டைப் பொருத்துவார். கட்டை பறவையாகிவிடும், விலங்காகிவிடும், மனிதராகவும் ஆகிவிடும். இவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘குட்டும் காட்டாம்’. ‘குட்டும்’ என்ற வங்கச் சொல்லுக்கு உறவினர் என்பது பொருள். குப்பைக்குப் போகவேண்டிய கட்டைகளை உறவாக்கிக்கொண்ட உள்ளம் அது!

வாத்தைச் செதுக்குபவர் உண்மைப் பறவையே ஏமாறும்படி ஒவ்வோர் இறகையும் தீட்டவேண்டும். அவனீந்திரரோ மரத்தின் இயல்பை மறைக்கவில்லை. மரம் மரமாகவே இருக்கும்; அதனுள் பறவையும் இருக்கும். முன்னதில் கைத்திறன் மிகுதி, பின்னதில் கண்ணின் திறன் மிகுதி. ‘பார்வை’ என்ற நம் பழஞ்சொல்லின் இரு பொருளும் இங்கே வந்து சந்திக்கின்றன.

அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை, விளையாட நேரம் இருந்தது என்று சிலர் கூறலாம். ஆனால் அவருடைய முதுமை இனிதாக அமையவில்லை. 1941இல் பிறந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டில், தம் எழுபதாம் பிறந்தநாளன்றே சிற்றப்பா இரவீந்திரரை இழந்தார். பின்பு விசுவபாரதியின் வேந்தர் பொறுப்பையும் சுமந்தார். 1951ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் கலப்பையும் உளியும் மண்வெட்டியும் பிடித்த கைகளின் பிள்ளைகள். கைவேலையிலிருந்து தப்புவதே படிப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டோம். அப்படிச் சொன்னவர்களின் வலி உண்மையானது. அதை நாம் மறுக்கமுடியாது. ஆயினும், பட்டம் பெற்ற கை பாட்டன் கையின் நுட்பத்தை முற்றிலும் மறந்துவிடவேண்டும் என்பதில்லை. எங்கள் வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகள் விறகாகப் போகின்றன. அவற்றுள் ஒரு துண்டை எடுத்து, ஏரிக்கு வரும் நாரையையோ நீர்க்கோழியையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை செதுக்கிப் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடாது. ஊதியம் தராத ஒரு வேலையையும் மனம் ஒன்றிச் செய்யக் கற்றவனுக்கு, ஊதியம் தரும் வேலை சுமையாகாது. உலகப்புகழ் பெற்ற ஓவியர் ஒருவர் தம் இறுதிக் காலத்தில் கட்டைகளோடு உறவாடி நமக்குக் காட்டிச் சென்ற வழி இதுவே.