புல்வெளியில் வளர்ந்த லாரா

லாரா இங்கல்ஸ் வைல்டர் 1867ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். தந்தை சார்லஸ் இங்கல்ஸ் உழவர். பிடில் வாசிப்பதில் வல்லவர். தாய் கேரோலின். மேரி, லாராவைவிட இரண்டு அகவை மூத்த தமக்கை.

மேற்கே, மரங்களற்ற பரந்த புல்வெளிகளில் உழுவதற்கு நிலம் கிடைக்கும் என்னும் பேச்சு அந்நாளில் எங்கும் பரவியிருந்தது. லாரா சிறு குழந்தையாக இருந்தபோதே, கித்தான் கூரையிட்ட குதிரை வண்டியில் அக்குடும்பம் கான்சாஸ் நோக்கிப் புறப்பட்டது. அங்கே சார்லஸ் மரக்கட்டைகளை அடுக்கித் தம் கையாலேயே வீடு கட்டினார். ஆனால் அந்நிலம் ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்கு உரியது. அதில் குடியேற இங்கல்ஸ் குடும்பத்திற்கு எவ்வுரிமையும் இல்லை. குடியேறியவர்கள் பெருகப் பெருக, ஓசேஜ் மக்கள் தம் மண்ணைவிட்டு வெளியேற நேர்ந்தது. லாரா பிற்காலத்தில் எழுதிய நூல் இவ்விழப்பை உரியவாறு பேசவில்லை. அது அந்நூலின் பெருங்குறையே. விஸ்கான்சின் வீட்டை வாங்கியவரால் பணம் செலுத்த இயலாமற்போகவே, 1871ஆம் ஆண்டில் அவர்கள் அங்கேயே திரும்பினர்.

மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் பயணம். இம்முறை மின்னசோட்டா. ஓடைக்கரையைக் குடைந்து அமைத்த மண்வீட்டில் வாழ்ந்துகொண்டே சார்லஸ் கோதுமை பயிரிட்டார். வெட்டுக்கிளிகள் திரள் திரளாக வந்து இறங்கின. பயிர் முழுவதும் அழிந்தது. சார்லஸ் நெடுந்தொலைவு நடந்து சென்று, பிறர் வயல்களில் கூலிக்கு அறுவடை செய்தார். தம்மிடம் பொருள் ஏதும் இல்லை என்று கையொப்பமிட்டு, அரசு அளித்த மாவைப் பெற்றுக் குடும்பத்தைக் காத்தார். தன்மானம் மிக்க ஓர் உழவருக்கு அக்கையொப்பம் எளிதாக இருந்திராது.

1876ஆம் ஆண்டில், ஓர் ஆண்டுகூட நிறையாத தம்பி பிரெடி இறந்தான். 1879ஆம் ஆண்டில் மேரி கடும் நோயுற்றுப் பார்வையை இழந்தார். அன்றுமுதல் தாம் கண்ட காட்சிகளையெல்லாம் லாரா தமக்கைக்குச் சொல்லிக் காட்டலானார். வானத்தின் நிறம், காற்றில் புல் சாயும் விதம், வழியில் எதிர்ப்படுவோரின் உடை என ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சொல்லை அவர் தேட வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் குடும்பம் டகோட்டாவை அடைந்தது. 1862ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிட்டோருக்கு அந்நிலம் சொந்தமாயிற்று. சார்லஸ் டி ஸ்மெட் என்னும் சிற்றூரின் அருகே நிலம் பதிவு செய்தார். 1880ஆம் ஆண்டு அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கியது. இருப்புப்பாதை பனியில் புதைந்தது. புத்தாண்டு பிறந்தபின் மே திங்கள்வரை ஊருக்குத் தொடர்வண்டியே வரவில்லை. நிலக்கரி தீர்ந்ததும், காய்ந்த புல்லை முறுக்கி விறகாக எரித்தனர். அதை முறுக்கி முறுக்கிக் கைகள் புண்ணாயின. மாவும் தீர்ந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கைப்பொறியில் கோதுமையை அரைத்து, நாள்தோறும் ரொட்டி சுட்டு உண்டனர். அக்கோதுமையும் குறைந்தபோது, ஆல்மன்சோ வைல்டர் என்னும் இளைஞர் நண்பர் ஒருவருடன் பனிவெளியைக் கடந்து சென்று, ஊராருக்குக் கோதுமை கொண்டுவந்தார்.

லாரா பதின்பருவத்திலேயே ஆசிரியப் பணி ஏற்றார். அவ்வருவாய், பார்வையற்றோர் கல்லூரியில் மேரி பயில உதவியது. 1885ஆம் ஆண்டில் அவர் ஆல்மன்சோவை மணந்தார். வறட்சி, நோய், தீ விபத்து, கைக்குழந்தையின் இறப்பு ஆகியன அடுத்தடுத்து வந்தன. சட்டம் விலையின்றி அளித்த நிலத்திற்குப் புல்வெளி வேறு விலை கேட்டது. 1894ஆம் ஆண்டில் மகள் ரோஸுடன் அவர்கள் மிசௌரிக்குச் சென்று, பாறைகள் நிறைந்த நிலத்தைத் திருத்திப் பண்ணை அமைத்தனர்.

அப்பண்ணையில் இருந்தபடியே லாரா தம் இளமைக் காலத்தை எழுதினார். எழுத்தாளரான ரோஸ் அதைச் செப்பனிட உதவினார். முதல் நூல் 1932ஆம் ஆண்டில் வெளிவந்தபோது லாராவின் அகவை அறுபத்தைந்து. 1943ஆம் ஆண்டுக்குள் எட்டு நூல்கள் வெளிவந்தன. 1957ஆம் ஆண்டில், தொண்ணூறாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள் அவர் மறைந்தார். அவர் சொல்லச் சொல்லப் புல்வெளியை முதன்முதலில் கேட்டறிந்த மேரியோ, அந்நூல்களில் ஒன்றுகூட வெளிவரும் முன்பே, 1928ஆம் ஆண்டில் இறந்துவிட்டிருந்தார்.