முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின்: கிளாட் டோர்னியரின் கதை



மாலையில் மொட்டை மாடியில் நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கடல் பக்கமாக, இரண்டு புரொப்பெல்லர் வைத்த ஒரு சின்ன விமானம் தாழ்வாகப் போகும். கடலோரக் காவல் படையின் டோர்னியர் அது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று போன மாதம் என் பேரன் கேட்டான். அது ஒரு மனிதரின் பெயர் என்றேன். அவர் நல்லவரா, கெட்டவரா என்று அடுத்த கேள்வி வந்தது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிளாட் டோர்னியர் 1884-ஆம் ஆண்டு மே 14 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள கெம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், ஒயின் வியாபாரி. அம்மா ஜெர்மானியர். டோர்னியர் மியூனிக்கில் பொறியியல் படித்து 1907-இல் பட்டம் பெற்றார். 1910-இல் போடன்சே ஏரிக்கரையில் இருக்கும் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில், ஆகாயக் கப்பல் கட்டிய கவுண்ட் செப்பலின் கம்பெனியில் சேர்ந்தார். உலோகச் சட்டம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். செப்பலினே கவனித்து, தனியாக ஒரு பிரிவைக் கொடுத்தார். மற்றவர்கள் மரத்திலும் துணியிலும் விமானம் செய்துகொண்டிருந்த காலத்தில், இவர் உலோகத்தில் செய்ய இறங்கினார்.

முதல் முயற்சியே பெரிய அடி. 1915-இல், 43 மீட்டருக்கு மேல் இறக்கை நீளம் கொண்ட ஒரு பறக்கும் படகைக் கட்டி முடித்தார். ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. ஏரியில் அடித்த புயல் அதை நொறுக்கிவிட்டது. நாமாக இருந்தால் வேறு வேலை தேடியிருப்போம். அவர் அடுத்ததைக் கட்டினார்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, பெரிய விமானங்கள் செய்யக் கூடாது என்று தடை வந்தது. டோர்னியர் இத்தாலியில் பீசா அருகே கடற்கரையில் தொழிற்சாலை போட்டார். அங்கே 1922-இல் பறந்ததுதான் ‘வால்’ என்ற பறக்கும் படகு. ஜெர்மன் மொழியில் வால் என்றால் திமிங்கிலம். 1925-இல் ஆமுன்ட்சென் வட துருவத்தைத் தேடிப் போனது இதில் இரண்டை எடுத்துக்கொண்டுதான். இரண்டும் பனிக்கடலில் இறங்கின. ஒன்று பழுதாகிவிட்டது. ஆறு பேர் மூன்று வாரத்துக்கும் மேலாகப் பனியை வெட்டி ஓடுதளம் அமைத்து, மிஞ்சிய ஒன்றிலேயே உயிரோடு திரும்பினார்கள். அந்த விமானத்தின் உறுதிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

‘வால்’ விமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. இறக்கைக்கு மேலே நடுவில் இரண்டு இன்ஜின்கள், ஒன்றின் பின் ஒன்றாக. முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். 1929-இல் பறந்த அவருடைய ராட்சத விமானமான டூ எக்ஸிலும் இதே ஏற்பாடுதான். அதில் 12 இன்ஜின்கள், ஆறு ஜோடிகளாக. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று 169 பேரை ஏற்றிக்கொண்டு அது மேலே எழும்பியது. அவர்களில் ஒன்பது பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஏறியவர்கள்! ஆனால் வியாபாரமாக அது எடுபடவில்லை. 1930 நவம்பரில் கிளம்பி, வழியில் லிஸ்பனில் தீப்பிடித்து, செப்பனிட்டு, நியூயார்க் போய்ச் சேர 1931 ஆகஸ்ட் ஆகிவிட்டது. கப்பலில் போயிருந்தால் பல தடவை போய் வந்திருக்கலாம்.

இழுத்தலும் தள்ளலும் என்ற அந்த யோசனையை மட்டும் அவர் விடவில்லை. காரணம் எளிது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின் வைத்தால், இரண்டும் தனித்தனியே காற்றை எதிர்க்கும். ஒன்று நின்றுபோனால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் உடம்புக்குள்ளேயே, மூக்கில் ஒன்றும் வால் பக்கம் ஒன்றுமாக வைத்துவிட்டால் எதிர்ப்பு குறையும், ஒன்று நின்றாலும் நேராகப் போகலாம். 1937-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1943 அக்டோபர் 26 அன்று பறந்தது டூ 335. ‘அம்பு’ என்று பெயர். நீண்ட மூக்கைப் பார்த்து எறும்புத்தின்னி என்றும் அழைத்தார்கள். வேகம் மணிக்குச் சுமார் 760 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் உற்பத்திக்கு வந்த புரொப்பெல்லர் விமானங்களில் மிக வேகமானது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆபத்தில் விமானி வெளியே குதித்தால் பின்னால் சுழலும் புரொப்பெல்லர் என்ன செய்யும்? அதையும் யோசித்திருந்தார்கள். வாலின் மேல்துடுப்பையும் பின் புரொப்பெல்லரையும் முதலில் வெடிவைத்துக் கழற்றிவிட வேண்டும். பிறகு அழுத்தக் காற்று விமானியை இருக்கையோடு வெளியே தள்ளும்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. இந்த விமானம் எதற்கு என்பதையே அரசு மாற்றிக்கொண்டிருந்தது. குண்டுவீச்சு என்றார்கள், உளவு என்றார்கள், இரவுச் சண்டை என்றார்கள். தொழிற்சாலைகள் மீது குண்டுகள் விழுந்தன. இதைவிட வேகமான ஜெட் விமானங்களும் 1944-இல் களத்துக்கு வந்துவிட்டன. போர் முடியும்போது தயாராக இருந்தவை நாற்பதுக்கும் குறைவு.

இனி பேரனின் கேள்விக்கு வருகிறேன். 1940-இல் டோர்னியர் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். அதே ஆண்டு பிரிட்டன் நகரங்கள் மீது குண்டு போட்டவற்றில் அவருடைய டூ 17 விமானங்களும் இருந்தன. அவருடைய ஆலைகளில் வெளிநாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உழைத்தார்கள். விமானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பல வருஷம் வங்கியில் பேரேடு எழுதியவன் நான். வரவுப் பக்கம் மட்டும் எழுதிவிட்டு ஐந்தொகை சரியாக இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது.

போருக்குப் பின் மறுபடி தடை. ஆலைகள் இடிபாடாகக் கிடந்தன. எழுபதை நெருங்கும் வயதில் அவர் ஸ்பெயினுக்குப் போய் மறுபடி வரைபடம் போட்டார். அதிலிருந்து வந்த டூ 27 என்ற சிறு விமானம், போருக்குப் பிந்திய ஜெர்மனியில் பெருமளவில் தயாரான முதல் விமானம். குடும்பத்தார் லின்டாவில் நெசவுத் தறி செய்யும் கம்பெனியும் தொடங்கினார்கள். நம்மில் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு டோர்னியர் தறி தெரிந்திருக்கலாம். 1969 டிசம்பர் 5 அன்று சுவிட்சர்லாந்தில், 85-ஆவது வயதில் அவர் காலமானார்.

அம்பு விமானங்களில் இன்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கப்பலில் கொண்டுபோனார்கள். 1970-களில் செப்பனிடுவதற்காக அது பிறந்த ஆலைக்கே திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். வால் துடுப்பில் வைத்திருந்த வெடிகள் முப்பது வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தன! இப்போது அந்த விமானம் வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் நிற்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் ஒரு நடை போய் வாருங்கள்.

நம் கடல் மேல் பறக்கும் டோர்னியர் 228 அவர் மறைந்த பிறகு, 1981-இல் முதலில் பறந்தது. உரிமம் பெற்று கான்பூரில் எச்.ஏ.எல். நிறுவனம் செய்கிறது. கடலில் தவிக்கும் மீனவர்களைத் தேடிப் போவதும் அதன் வேலைகளில் ஒன்று.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கெட்டிக்காரர், விடாமுயற்சிக்காரர், ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் இருந்துவிட்டார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவரிடம் வேலை பார்த்தவர்களின் பெயர்கள் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தைகளிடமும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று லிஃப்ட் அருகே பார்க்கும்போது எனக்குச் சொல்லுங்கள்.