நீரை அளந்தறிந்த எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ்

எமது கல்லூரியில் மனையியல் கற்ற தலைமுறைகள் பல. சமையல், போசாக்கு, வீட்டுச் சுகாதாரம் என்றே அப்பாடத்தை நாம் அறிவோம். அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ஒரு நீர் ஆய்வாளர் என்பதை அறிந்தோர் எம்மிற் சிலரே. சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அவரது வாழ்வை நினைவுகூருதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

எலன் சுவாலோ 1842 டிசெம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தையின் கடையில் உதவியும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் பணம் சேர்த்து, 1868இல், இருபத்தைந்தாவது வயதில், வாசார் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். 1870இல் பட்டம் பெற்றபின், பொஸ்டன் நகரிலிருந்த மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு விண்ணப்பித்தார். அதுவரை அங்கு பெண் எவரும் மாணவியாக அனுமதிக்கப்பட்டதில்லை. அவருக்குக் கட்டணமின்றியே இடம் கிடைத்தது. தமது வறுமைக்கு இரங்கி அளித்த சலுகை என்றே அவர் எண்ணினார். எவரேனும் ஆட்சேபித்தால், அவர் மாணவியே அல்லர் என்று சொல்லித் தப்புவதற்கான ஏற்பாடு அது என்பது பின்னரே தெரியவந்தது. 1873இல் அந்நிறுவகத்தின் முதலாவது பெண் பட்டதாரியானார். ஆனால் கலாநிதிப் பட்டம் பெற அங்கு அவருக்கு வழி திறக்கவில்லை.

1875இல் சுரங்கவியற் பேராசிரியர் றொபேர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். மறு ஆண்டு நிறுவகத்தில் மகளிர் ஆய்வுகூடம் தொடங்கப்பட்டபோது, சம்பளமின்றிக் கற்பித்ததோடு தமது பணத்தையும் அதற்கு வழங்கினார். 1884இல் சுகாதார இரசாயனவியற் போதனாசிரியராக நியமனம் பெற்று, இறக்கும்வரை அப்பதவியிலேயே பணியாற்றினார்.

அக்காலத்தில் மசாசுசெட்ஸின் ஆலை நகரங்கள் தம் கழிவை ஆற்றில் விட்டன. அதே ஆற்று நீரையே கீழே இருந்த ஊர்கள் குடித்தன. நெருப்புக் காய்ச்சல் பரவியது. 1887இல் மாநிலச் சுகாதாரச் சபை எல்லா நீர்நிலைகளையும் ஆராயத் தொடங்கியது. பேராசிரியர் தோமஸ் டிறவுன் பொறுப்பாயிருக்க, ஆய்வுகூட வேலையை ரிச்சர்ட்ஸ் நடத்தினார். இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன.

இவ்வாய்வில் ஒரு சிக்கல் இருந்தது. நாம் உண்ணும் உப்பு சிறுநீருடன் வெளியேறுவதால், மனிதக் கழிவு கலந்த நீரிற் குளோரைட்டு கூடும். ஆனால் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவருகிறது. கரையோரத்தில் மாசற்ற நீரிலும் குளோரைட்டு உண்டு. எனவே அளவைக் கண்டதும் அழுக்கு என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் மாசற்ற நீரில் இயற்கையாக எவ்வளவு உண்டு என்பதை முதலில் அறியவேண்டும். அவ்வளவுகளை வரைபடத்திற் குறித்து, சமமானவற்றைக் கோட்டால் இணைத்தபோது, கோடுகள் கரையோரத்தை ஒட்டிச் சென்றன. உள்நாடு போகப்போக அளவு குறைந்தது. இதுவே இயல்புக் குளோரீன் வரைபடம். ஒரு கிணற்று நீரின் அளவு அவ்விடத்துக்குரிய அளவை விஞ்சினால், கழிவு கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். தூய்மை எது என்று தெரிந்தபின்னரே மாசு எது என்று சொல்லலாம் என்பதே அவர் கண்ட நெறி.

ஜேர்மனிய உயிரியலாளர் ஹேக்கல் 1866இல் ஆக்கிய ஒரு சொல்லை, மனிதர் வாழும் சூழலைப் பற்றிய கல்விக்குப் பெயராக 1892இல் ரிச்சர்ட்ஸ் முன்வைத்தார். வீடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அது, இன்று நாம் சூழலியல் என வழங்குவதாகும். உயிரியலாளர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அவரது துறை மனையியலாக வளர்ந்தது. 1908இல் அமைந்த அமெரிக்க மனையியற் சங்கத்தின் முதற் தலைவர் அவரே.

பழைய மாணவிகளாகிய எமக்கு அவர் இன்னொரு வகையிலும் உறவானவர். 1881இல் பொஸ்டனிற் கூடிப் பட்டதாரிப் பெண்களுக்கென ஒரு சங்கத்தை அமைக்க முற்பட்ட 17 பேரில் அவரும் ஒருவர். உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் சிலர் வாதிட்ட காலம் அது. சங்கம் தன் அங்கத்தவரின் உடல்நிலையை விசாரித்துத் தொகுத்து, 1885இல் அந்த வாதத்தைப் பொய்ப்பித்தது.

1910இல் சிமித் மகளிர் கல்லூரி அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1911 மார்ச் 30ஆம் திகதி அவர் காலமானார்.

எம்மிற் பலர் வளர்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லில் இறங்கித் தேங்குவதே எமது நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். உரமும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றைச் சேர்க்கும். எந்த ஊரில் வாழ்ந்தாலும், பிறந்த வளவின் கிணற்று நீரை ஒருமுறை சோதித்து, அந்த அளவைத் திகதியுடன் எழுதிவைப்போமாயின், எமக்குப் பின் வருவோர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.