சளியில் நோயைப் படித்த மருத்துவர் ஆஸ்லர்

நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான சர் வில்லியம் ஆஸ்லர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1849ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி பிறந்தார். பாதிரியாரின் மகனான அவர், தாமும் பாதிரியாராகும் எண்ணத்துடன் 1867இல் டொராண்டோவின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறினார்.

இன்று டொராண்டோவின் பகுதியாக உள்ள வெஸ்டனில் அவர் படித்த பள்ளியை நிறுவிய பாதிரியார் வில்லியம் ஜான்சன், அவருக்கு நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தியிருந்தார். அந்தப் பழக்கம் இறுதிவரை நீடித்தது.

மக்கில் பல்கலைக்கழகத்தில் 1872இல் பட்டம் பெற்ற ஆஸ்லர், 1889இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை மருத்துவரானார். 1892இல் வெளிவந்த அவரது பாடநூல் உலகப் புகழ் பெற்றது.

ஆஸ்துமா என்பது நரம்புக் கோளாறால் மூச்சுக்குழல் இறுகும் நோய் என்று பலரும் கருதிய காலம் அது. ஆனால் நோயாளிகள் பலரிடம் சிறு மூச்சுக்குழல்களில் ஒருவகை அழற்சி இருப்பதாக ஆஸ்லர் எழுதினார். சளியில் காணப்படும் சுருள்களையும் படிகங்களையும் அவர் விவரித்தார். அப்படிகங்கள் ஈஸினோபில் என்ற வெள்ளணுக்களிலிருந்து உருவாகின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது. அதேவேளை, ஆஸ்துமா தாக்குதலின்போது மரணம் நேர்வதில்லை என்ற அவரது கருத்து தவறென்று பின்னர் நிரூபணமானது.

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நாம் அனைவரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். பெரும்பாலோரின் உடல் அவற்றை அகற்றிவிடுகிறது. ஆனால் ஆஸ்துமா நோயாளிகள் சிலரிடம், மூச்சுக்குழலின் உட்சுவர் அணுக்கள் மிகையான எச்சரிக்கைச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. ஈஸினோபில்கள் திரள்கின்றன, சளி கெட்டிப்படுகிறது, நாளடைவில் குழல்கள் சிதைகின்றன. இந்நோயை 1952இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தனர். ஸ்டீராய்டு மருந்துகள் இந்த அழற்சியைத் தணிக்கின்றன. ஆனால் அழற்சியே பூஞ்சைக்கு எதிரான அரணும் என்பதால், அவற்றை அளவறிந்தே தர வேண்டியுள்ளது.

1919ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஆஸ்லர் காலமானார். அவரது உயிரைப் பறித்ததும் நுரையீரல் தொற்றே.

டொராண்டோவுக்கு அருகேயுள்ள ஹாமில்டனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், சளியிலுள்ள அணுக்களை எண்ணிச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை பின்னாளில் வளர்த்தெடுக்கப்பட்டது. இந்தியாவிலோ, இந்தப் பூஞ்சை நோய் காசநோயெனத் தவறாகக் கணிக்கப்பட்டு, தேவையற்ற மருந்துகள் மாதக்கணக்கில் தரப்படுவதும் உண்டு. மருந்தெழுதும் முன் சளியை ஆராய வேண்டும் என்ற ஆஸ்லரின் வழிமுறை இன்னும் பழமையாகிவிடவில்லை.