ஹீத் துரையும் நம் சேலத்து இரும்பும்

விழா மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடுதி மெஸ், கலை விழா, கடைசி நாள் குரூப் போட்டோ பற்றியெல்லாம் மற்ற நண்பர்கள் நன்றாகவே எழுதியிருப்பார்கள். நான் படிப்பு முடிந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை ஃபவுண்டரி, ஃபோர்ஜிங் என்று இரும்போடு மாரடித்தவன். சொந்த ஊர் பள்ளிபாளையம். ஆகவே, நம் மண்ணுக்கும் நாம் படித்த உலோகவியலுக்கும் ஒருசேரச் சம்பந்தப்பட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதலாமென்று தோன்றியது. அவர் ஜோசையா மார்ஷல் ஹீத். பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவியவர் என்று நம் சரித்திரப் புத்தகங்களில் ஒரு வரியில் வந்து போவார். இங்கிலாந்தின் எஃகுத் தொழில் வரலாற்றிலோ அவருக்குத் தனி அத்தியாயமே உண்டு.

துணி வாங்க வந்தவர்

ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1820-களில் சேலம், கோயமுத்தூர் வட்டாரத்தில் கமர்ஷியல் ரெசிடென்ட், அதாவது கம்பெனியின் வணிக அதிகாரி. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிச் சீமைக்கு அனுப்புவதுதான் இந்தப் பதவியில் இருப்பவர்களின் முக்கிய வேலை. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எங்க ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். ஆனால் ஹீத்தின் கண் துணியைவிட இரும்பின் மேல்தான் அதிகம் விழுந்தது.

சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கிறதல்லவா? அதில் காந்தத்தில் ஒட்டக்கூடிய மேக்னடைட் தாது ஏராளம். அந்தத் தாதுவை இடித்துப் புடைத்து, மூன்று முதல் ஐந்து அடி உயர மண் உலையில் கரியோடு போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, நம் கிராமத்துக்காரர்கள் இரும்பு எடுத்தார்கள். அந்த இரும்பைத் துண்டாக்கி, சின்ன மண் மூசைக்குள் போட்டு, கூடவே உலர்ந்த ஆவாரங்கட்டைச் சீவலை வைத்து, எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் பூசுவார்கள். இருபது, இருபத்து நாலு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் போல ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு கைப்பிடி உருக்குக் கட்டி. வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்று எழுதிய எஃகு இதுதான். டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலப்பொருளாகப் போனதும் இந்த வகை உருக்குதான்.

இதன் ரகசியத்தைக் கண்டுபிடிக்கச் சீமையில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முயன்றார்கள். மைக்கேல் ஃபாரடே 1819-ல் ஊட்ஸைச் சோதித்துவிட்டு, அதில் கலந்திருக்கும் அலுமினியம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அது சரியில்லை. ஹீத் ஆய்வுக்கூடத்து ஆள் இல்லை. ஆனால் உலையடியில் நின்று வேலையைப் பார்த்தவர். 1830-களின் கடைசியில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு அவர் எழுதிய கட்டுரையில் இந்த முறை விவரமாக வருகிறது. எகிப்தியர்கள் கல் தூண்களில் சித்திர எழுத்து வெட்டிய உளிகள்கூட இந்திய எஃகாக இருக்கலாம் என்று அதில் ஒரு யூகமும் சொன்னார். யூகம் எப்படியோ, நம்ம ஊர்க் கொல்லர்களின் வேலை மேல் அவருக்கு இருந்த மதிப்பு அதில் தெரிகிறது.

பரங்கிப்பேட்டை

இரும்புப் பைத்தியம் பிடித்துவிட்டால் அரசாங்க உத்தியோகத்தில் மனசு நிற்குமா? ஹீத் கம்பெனி வேலையை விட்டார். இங்கிலாந்து போய் இரும்புத் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் சீமை பாணியில் பெரிய ஊதுலை எழும்பியது. கஞ்சமலைத் தாது பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடலோரம் போனது. எங்க ஊரை ஒட்டி ஓடுகிற அதே காவிரிதான். 1833-ல் மலபாரில் பேப்பூரிலும் ஓர் ஆலை வந்தது. அங்கே உருவான இரும்பு சீமைக்குப் போய், 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் பயன்பட்டதாகப் பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள்.

தாதுவில் குறை இல்லை. குறை கரியில். நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். பெரிய உலையின் பசிக்குச் சுற்றுவட்டாரக் காடுகள் போதவில்லை. கரி தூரத்திலிருந்து வந்தது, விலை ஏறியது. கம்பெனி அரசாங்கம் கொடுத்த முன்பணமும் கரைந்தது. ஹீத்தின் சொந்தப் பணமும் போயிற்று. அவர் காலத்துக்குப் பிறகு, 1853-ல், ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி நம்ம பூலாம்பட்டியில் காவிரிக் கரையிலேயே உலை வைத்துப் பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை.

மாங்கனீஸ்

ஆனால் ஹீத்தின் பெயர் நிற்பது பரங்கிப்பேட்டையால் அல்ல. மூசை உருக்கை மனதில் வைத்துக்கொண்டு அவர் ஷெஃபீல்டு நகரத்து எஃகுப் பட்டறைகளைப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய தலைவலி இருந்தது. இங்கிலாந்து இரும்பில் செய்த எஃகு, சிவக்கக் காய்ச்சி அடித்தால் வெடித்துப் பிளக்கும். நல்ல எஃகு வேண்டுமானால் ஸ்வீடன் இரும்பை அதிக விலைக்கு வாங்க வேண்டும். ஹீத் என்ன செய்தார்? உருக்கும்போது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த ஒரு பொருளை 1 முதல் 3 சதவீதம் வரை சேர்த்தார். எஃகு பிளக்கவில்லை. சாதாரண இரும்போடு பற்றவைக்கவும் முடிந்தது. ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். வார்ப்பு எஃகின் விலை 30, 40 சதவீதம் இறங்கியது.

1839-ல் ஹீத் காப்புரிமை எடுத்தார். அதில் அவர் உரிமை கோரியது மாங்கனீஸ் கார்புரெட் என்ற தயார்செய்த பொருளைச் சேர்ப்பதற்கு. பிறகு, அதைத் தனியாகத் தயாரிப்பானேன், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேராக மூசையிலேயே போட்டுவிடலாமே என்ற மலிவான வழியையும் அவரே கண்டார். ஷெஃபீல்டில் அவருடைய ஏஜென்டாக இருந்த அன்வின் என்பவர், இந்த இரண்டாவது வழி காப்புரிமைப் பத்திரத்தில் இல்லை என்று சொல்லி, ஹீத்துக்குப் பணம் கொடுக்காமல் அதையே செய்ய ஆரம்பித்தார். பட்டறைக்குப் பட்டறை அந்த முறை பரவியது.

வழக்கு 1840-களில் தொடங்கி, கோர்ட்டு மேல் கோர்ட்டாக ஏறியது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூடிய மூசைக்குள் ஆக்சைடும் கரியும் சேர்ந்து முதலில் கார்புரெட் ஆகிறதா, இல்லையா? உள்ளே எட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. நீதிபதிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஹீத் 1851-ல் கண்ணை மூடினார். 1855-ல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஷெஃபீல்டு முழுக்க அவருடைய மருந்தைச் சாப்பிட்டுத் தேறியது. வைத்தியருக்கு ஃபீஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

வரைபடம் சொல்லும் கதை

இங்கேதான் நாம் மூன்றாம் செமஸ்டரில் பயந்து நடுங்கிய ஃபேஸ் டயகிராம் வருகிறது. தண்ணீர் ஒரே வெப்பநிலையில் உறையும். கலப்பு உலோகம் அப்படி அல்ல. ஒரு வெப்பநிலையில் உறைய ஆரம்பித்து, அதைவிடக் கீழே இன்னொன்றில் முடிக்கும். நடுவில் பாதி கட்டி, பாதி குழம்பு. குச்சி ஐஸை உறிஞ்சினால் முதலில் கலரும் இனிப்பும் வந்துவிட்டு, வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சும், ஞாபகம் இருக்கிறதா? உறையும்போது ஐஸ் சுத்தமான தண்ணீரை எடுத்துக்கொண்டு, சர்க்கரையை மிச்சக் குழம்புக்குள் தள்ளிவிடுகிறது. எஃகும் அதே வேலையைத்தான் செய்கிறது. உறைகிற இரும்பு, கந்தகத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் கடைசித் துளிக் குழம்புக்குள் தள்ளுகிறது.

அந்தக் கடைசிக் குழம்பு இரும்பும் இரும்பு சல்ஃபைடும் கலந்த யூடெக்டிக். அது உறைவது 988 டிகிரி சென்டிகிரேடில். எஃகை அடிக்கக் காய்ச்சுவதோ 1,100 டிகிரி அளவில். ஆக வெளியே கட்டியாகத் தெரியும் எஃகுக்குள், பரல்களுக்கு நடுவே மெல்லிய திரவப் படலம் நிற்கும். சுத்தியல் விழுந்தால் பிளக்காமல் என்ன செய்யும்? ஃபோர்ஜிங் ஷாப்பில் இப்படிப் பிளந்த கட்டிகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். மாங்கனீஸ் இருந்தால் கந்தகம் இரும்பை விட்டு அதோடு சேர்ந்துகொள்கிறது. மாங்கனீஸ் சல்ஃபைடு உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். அது படலமாகப் பரவாமல் சிறு சிறு துகளாக ஒதுங்கி உட்கார்ந்துவிடும். நிலக்கரியில் எடுத்த இங்கிலாந்து இரும்பில் கந்தகம் அதிகம். மரக்கரியில் எடுத்த ஸ்வீடன் இரும்பில் அது குறைவு. ஷெஃபீல்டின் தலைவலிக்குக் காரணம் இதுதான்.

நம் மூசை உருக்கின் கதையும் இதே வரைபடத்தில் இருக்கிறது. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். துருத்தி உலைக்கு அது எட்டாத உயரம். ஆவாரங்கட்டையின் கரி ஒன்றரை சதவீதம் போல இரும்பில் ஏறினால், 1,400-க்குச் சற்று மேலேயே முழுக்க உருகிவிடும். கரி 4.3 சதவீதம் ஆனால் 1,147 டிகிரி போதும், ஆனால் அது வார்ப்பிரும்பு, அடித்து நீட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தை நம் ஆட்கள் கை அனுபவத்தில் பிடித்துவைத்திருந்தார்கள். உலையிலேயே மெதுவாக ஆறும்போது, கடினமான கார்பைடு தனியே பிரிந்து பரல்களின் ஓரத்தில் படியும். பிறகு வாளாக அடிக்கையில் தெரிகிற நீரோட்டக் கோலத்துக்கு விதை அந்தக் கார்பைடுதான்.

இந்த வரைபடம் ஹீத் காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் கிப்ஸ் தம் நிலைமை விதியை வெளியிட்டது 1876-க்கும் 1878-க்கும் இடையில். லண்டன் நாணயச் சாலையில் இருந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டன் இரும்பு-கரி வரைபடத்தை வரைந்தது 1897-ல். ஆஸ்டனைட் என்பது அவர் பெயரில் வந்ததுதான். 1900-ல் ஹாலந்துக்காரர் ரோஸபோம் கிப்ஸின் விதியை வைத்து அதைத் திருத்தினார். ஹீத் இறந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

அதை வைத்து இன்று பார்த்தால், கோர்ட்டில் நடந்த சண்டையே வேடிக்கையாக இருக்கிறது. உறைய ஆரம்பிக்கும் நேரத்தில் குழம்பில் மாங்கனீஸ் இருக்கிறதா என்பதுதான் எஃகுக்கு முக்கியம். அது கார்புரெட் என்ற வாசல் வழியாக வந்ததா, ஆக்சைடு என்ற வாசல் வழியாக வந்ததா என்று எஃகு கேட்காது. ஹீத்துக்கு எது பலன் தரும் என்று தெரிந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் காப்புரிமையில் காரணத்தை எழுதாமல் பொருளின் பெயரை எழுதினார். அந்தப் பெயரே அவரைக் கவிழ்த்தது.

தீர்ப்பு வந்த அடுத்த வருஷமே, 1856-ல், பெஸ்ஸமர் தம் புதிய எஃகு முறையை அறிவித்தார். அந்த எஃகும் காய்ச்சி அடித்தால் வெடித்தது. ராபர்ட் முஷெட் மாங்கனீஸ் கலந்த ஸ்பீகல் இரும்பைச் சேர்த்த பிறகுதான் அது தேறியது. 1882-ல் ஹேட்ஃபீல்டு 12, 13 சதவீதம் மாங்கனீஸ் போட்டு அடி வாங்க வாங்க இறுகும் எஃகைச் செய்தார். நம் பக்கத்துக் கல் கிரஷர்களில் கல்லை நொறுக்கும் தாடைத் தகடு பெரும்பாலும் அந்த எஃகுதான். இன்றைக்கும் மாங்கனீஸ் இல்லாத கட்டடக் கம்பி கிடையாது.

ஹீத்தின் பெயராவது புத்தகத்தில் ஏறிவிட்டது. அவருக்குப் பாடம் காட்டிய கஞ்சமலை உலைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களும் ஏன் என்பதை எழுதிவைக்கவில்லை. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் உலைகள் அணைந்தன, கைப்பக்குவமும் கூடவே போய்விட்டது.

இந்த மலரைப் படிக்கும் இளைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பட்டறையில் ஏதோ ஒன்று நன்றாக வருகிறதென்றால், அதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் வருகிறது என்று கேட்டு, வரைபடத்தில் அதன் இடத்தைத் தேடி, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை பூலாம்பட்டிக்கு விசைப்படகு சவாரி போகிறவர்கள் கரையில் ஒரு நிமிஷம் நின்று, அங்கே எரிந்த உலையையும் நினைத்துப் பாருங்கள். மலர் சிறக்க வாழ்த்துக்கள்.