பர்மா லேவாதேவி முதல் சைக்கிள் ஃபேக்டரி வரை... பள்ளத்தூர் முருகப்ப செட்டியார் யார் தெரியுமா?

செட்டிநாட்டு பள்ளத்தூர்க்காரர் திவான் பகதூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார். 1900-ல் பர்மாவின் மௌல்மேனில் லேவாதேவி தொழில் தொடங்கினார். மலேயா, இலங்கை வரை கடை பரவியது. ஆனால், 1930-களில் முதலீட்டை இந்தியாவுக்கு மாற்ற ஆரம்பித்தார். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கேயே பணத்தைப் போட்டிருந்த பல நகரத்தார் குடும்பங்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பின. இவர் குடும்பம் தப்பித்தது.

1949-ல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தக் குடும்பம் சென்னை அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிள் வந்தது இப்படித்தான்.

சைக்கிள் ஃபிரேம் குழாய்க்கு முக்கியமானது 'யீல்ட் ஸ்ட்ரெங்த்'. அப்படின்னா என்ன? பாரத்தை இறக்கியதும் உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பும் எல்லை அது. தாண்டிட்டா, வளைந்தது வளைந்ததுதான்.

கணக்கு சிம்பிள். நிரந்தரமாக நீளத் தொடங்கும்போது உள்ள இழுவிசையை, குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கணும். 100 சதுர மி.மீ. கம்பி 25,000 நியூட்டனில் நீளத் தொடங்கினால், ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன். சாதாரண மைல்டு ஸ்டீலின் அளவு ஏறக்குறைய இதுதான்.

பர்மாவில் அந்த எல்லை வரும் முன்பே பாரத்தை இறக்கியவர் முருகப்ப செட்டியார்.